ஊர் நினைவுக்கல் வைக்கிறது: பெயர்ப் பட்டியல், அத்திவாரம், கல்லெழுத்து

வயலோரம்
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் ஒரு ஊரில நினைவுக்கல்லைப் புதுசாக் கட்டப் போறாங்க. இப்ப நிக்கிறது 3 அடிச் சீமெந்துத் தூண். ஒரு மூலை பிளந்து கம்பி வெளியில தெரியுது. பெயின்ற்றால எழுதின பெயர்கள்ல பாதி வாசிக்க ஏலாது. புதுக் கல்லில 84 பெயர் வரும். இயக்கங்களுக்குப் போய் இறந்த ஊர்ப் பிள்ளைகள், 1990, 91 காலத்தில கொல்லப்பட்ட சனம், பிடிச்சுக் கொண்டுபோய் இன்னும் தகவல் இல்லாதவங்க, எல்லாரும் ஒரே இடத்தில. கல்லு எந்தக் கல்லு, அளவு என்ன, அத்திவாரம் எப்பிடி, பட்டியலை எப்பிடிச் சரிபார்க்கிறது எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மாரி தொடங்க முன்னம் கொங்கிறீட் முடியவேணும்.

மேசன்பாஸ்
முதல்ல பழைய தூண் ஏன் பிளந்தது எண்டு பாருங்க, தம்பி. உடைச்ச இடத்தில கம்பிக்கு மேல எவ்வளவு சீமெந்து இருந்தது? அரை அங்குலம்தான் இருக்கும். வாவிக்காத்து உப்பும் ஈரமும் அதுக்குள்ளால போய்க் கம்பியைத் துருவாக்கும். துரு ஊதிப் பெருக்கும். பெருத்தா கொங்கிறீட் வெடிக்கும். மேலால பூசி மறைச்சா அடுத்த மாரிக்கே திரும்ப வெடிக்கும். ஆகவே பழசைத் திருத்தாம, புதுசாக் கட்டுங்க.

கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில 2 அங்குலம் கட்டாயம். செங்கல் துண்டு வைச்சுக் கம்பியைத் தூக்கக்கூடாது, செங்கல் தண்ணியை உறிஞ்சும். சீமெந்தும் மணலும் குழைச்சு 2 அங்குலக் கட்டை வாத்து, நடுவில கட்டுக்கம்பி செருகி, ஒரு கிழமைக்கு முன்னமே காயவிட்டு வைங்க.

தண்ணி: வாவிக்குக் கிழக்கால, எழுவான்கரையில கிணத்துத் தண்ணி கனக்க இடத்தில உப்பு. வாயில வைச்சுக் கரிச்சா கலவைக்கு எடுக்காதீங்க, பவுசரில (தண்ணி லொறியில) எடுங்க. கடல் மணல் எந்த விலைக்கும் வேண்டாம். ஆத்துமணலெண்டாலும் ஏத்தி வரேக்க பேமிட் (அனுமதிப்பத்திரம்) இருக்கோ எண்டு பாருங்க. வழியில மறிச்சா வேலை நிண்டுபோகும்.

கச்சான்காத்து
மேசன்பாஸ் சொன்னது சரி. ஆனா அவர் விட்ட ஒண்டு: வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான், அதாவது வறண்ட தென்மேல் காத்து, அடிக்கும். கொங்கிறீட் போட்டு ரெண்டு மணித்தியாலத்தில மேல்தோல் காஞ்சு மயிர்வெடிப்பு விழும். காலமை வெள்ளெனப் போட்டு முடிச்சு, இறுகினதும் சாக்கு விரிச்சு 7 நாள் நனைச்சு வைக்கவேணும். 10 நாளெண்டா இன்னும் நல்லம். ஒருத்தரைத் தண்ணி ஊத்தப் பொறுப்பாப் போடுங்க, "எல்லாரும் பாத்துக்கொள்ளுவம்" எண்டா ஒருத்தரும் ஊத்தமாட்டாங்க.

ஏடும் எழுத்தும்
கட்டட வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வேலையில் பெரிய பிழைகள் வருவது பட்டியலில்தான். கொங்கிறீட் பிழைத்தால் இடித்துக் கட்டலாம். தாயின் முன்னால் பிள்ளையின் பெயர் பிழையாக நின்றால் என்ன செய்வீர்கள்?

ஒரு கொப்பியில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், வீட்டுப் பெயர், இயக்கப் பெயர் இருந்தால் அது, தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த அல்லது கொண்டுசெல்லப்பட்ட திகதி, இடம், தகவல் தந்தவர். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவரை ஒருவர் சாராத இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்து சொன்னால் அது ஒரு சாட்சிதான்.

இதில் வழுக்குமிடங்கள் சில உண்டு. ஒரே ஆள் இரண்டு முறை வருவார்: ஒருமுறை வீட்டார் சொன்ன பெயரில், மறுமுறை கூட இருந்தவர் சொன்ன இயக்கப் பெயரில். மறுபக்கம், இரண்டு ஆட்கள் ஒன்றாகிப் போவதும் உண்டு. ஒரே ஊரில் ஒரே முன்னெழுத்தோடு மூன்று கந்தப்போடி இருப்பது படுவான்கரையில் புதுமை இல்லை. அதனால்தான் தாய் பெயர் வேண்டும். தகப்பன் பெயரை விட அது விரைவாகப் பிரித்துக் காட்டும். கலியாணம் முடித்த பெண்களை ஒரு பட்டியல் கணவன் முன்னெழுத்திலும் இன்னொன்று தகப்பன் முன்னெழுத்திலும் வைத்திருக்கும். எது வேண்டும் என்று தாய்வீட்டாரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு எழுதுங்கள்.

ஊர்ப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1990 செப்ரெம்பர் 9 சத்துருக்கொண்டான் கொலையில் இறந்தவர்கள் சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி என்று நாலு ஊர்ச்சனம். ஒரு ஊரின் பெயரில் அறியப்படும் சம்பவத்துக்குள் அயல் ஊர்க்காரர் மறைந்துபோவது இப்படித்தான்.

இன்னொன்று, மொத்த எண்ணிக்கையைக் கல்லில் வெட்டாதீர்கள். மகிழடித்தீவில் 1991 ஜூன் 12இல் கொல்லப்பட்டவர்கள் 67 பேர் என்றது அரசு வைத்த விசாரணை ஆணைக்குழு. ஊரார் சொல்வது அதைவிடக் கூட. நீங்கள் இன்று 84 என்று வெட்டினால், நாளை 85ஆவது பெயரோடு ஒரு தாய் வரும்போது கல்லே அவவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

வாவிமீன்
காணாமல் ஆக்கப்பட்டவங்களை எப்பிடிப் போடுறது? செத்தவங்க பட்டியலுக்குள்ள போட்டா சில தாய்மார் ஒத்துக்கொள்ளமாட்டாங்க.

ஏடும் எழுத்தும்
போடவே கூடாது. அவர்களுக்குத் தனி நிரல், தனித் தலைப்பு: "காணாமல் ஆக்கப்பட்டோர்". பெயர், வயது, கொண்டுசெல்லப்பட்ட திகதி மட்டும். சில வீடுகள் 2010இன் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் எடுத்திருக்கும். சில வீடுகள் அதை வாங்க மறுத்து, 2016 திருத்தத்துக்குப் பிறகு வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழை எடுத்திருக்கும். ஒன்றுமே எடுக்காத வீடும் இருக்கும். கடதாசியைப் பார்த்து நிரலைத் தீர்மானிக்காதீர்கள். நட்ட ஈட்டுக்காக, காணிக்காக, பென்சனுக்காக மரணச் சான்றிதழ் எடுத்த தாய் மகன் செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன நிரலில் போட்டு, அதே பக்கத்தில் ஒப்பம் வாங்குங்கள்.

தாழங்குடா
தலைப்பு "மாவீரர் நினைவுக்கல்" எண்டுதானே வரும்?

வாவிமீன்
அதிலதான் பிரச்சினை, அண்ணன். ஒரே ஊரில, சில இடத்தில ஒரே குடும்பத்தில, பிள்ளைகள் வேற வேற இயக்கத்துக்குப் போனாங்க. புலிகள், ரெலோ, ஈபிஆர்எல்எவ், புளொட், ஈரோஸ். 1986இல ரெலோப் பொடியன்களைக் கொன்றது புலிகள். 2004இல புலிகள் ரெண்டாப் பிரிஞ்சு வெருகல்ல மோதினதில செத்ததும் கிழக்குப் பிள்ளைகள்தான், ரெண்டு பக்கமும். "மாவீரர்" எண்டு சொல்லு போட்டா அந்தச் சொல்லு ஒரு இயக்கத்தின்ர சொல்லு. மத்த வீட்டுத் தாய் அந்தக் கல்லடிக்கு வரமாட்டா.

தாழங்குடா
அப்ப போராடப் போனவன் போராளியே இல்லையா? எல்லாரையும் "இறந்தவர்கள்" எண்டு ஒரே சொல்லுக்குள்ள போட்டா பஸ் விபத்தில செத்தவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஏடும் எழுத்தும்
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. "போராளிகள்" என்ற சொல் எந்த ஒரு இயக்கத்துக்கும் சொந்தமில்லை. "எமது ஊரின் போராளிகள்", "கொல்லப்பட்ட மக்கள்", "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று மூன்று நிரல், மேலே ஊர்ப் பெயர் மட்டும். இயக்கத்தின் பெயரோ தரநிலையோ கல்லில் வேண்டாம், கொப்பியில் இருக்கட்டும். எந்தப் பக்கத்தால் கொல்லப்பட்டார் என்பதும் கல்லில் வேண்டாம் என்பது என் எண்ணம்; மாற்றுக்கருத்து உள்ளவர்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லட்டும்.

புலிகள் தங்கள் போராளிகளுக்கு அமைத்த மயானமான துயிலும் இல்லத்தோடு ஊர்க்கல்லைக் குழப்பவேண்டாம். தரவை, கண்டலடி, தாண்டியடி, மாவடிமுன்மாரி, அம்பாறையில் கஞ்சிகுடிச்சாறு, அவை வேறு. அங்கே வரிசையும் அளவும் ஒரு அமைப்பு வகுத்தது. ஊர்க்கல் ஊரார் வகுப்பது.

காணிக்கந்தோர்
சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக. புலிகள் அமைப்பு இலங்கையில் தடை செய்யப்பட்டது. 2011இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் போட்ட ஒழுங்குவிதி அதைச் சொல்கிறது. இலச்சினை, கொடி, சீருடைப் படம் ஆகியவற்றில்தான் வழக்கமாகப் பிரச்சினை தொடங்கும். சும்மா விளக்கேற்றியதற்கே 2021 மே 18இல் கிரான் கடற்கரையில் 10 பேர் அதே சட்டத்தில் கைதாகினர். ஆகவே சின்னம் இல்லாத கல் என்பது பயத்தால் மட்டும் சொல்லும் ஆலோசனை இல்லை, கல் நிற்க வேண்டுமென்றால் தேவை. சிவப்பு மஞ்சள் வர்ணத்தையும் தவிர்க்கலாம்.

காணி: இதுதான் கூடுதலாகக் கவிழ்க்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பேமிட் காணி அரசு குடியிருக்கவும் பயிர் செய்யவும் ஒருவர் பெயரில் தந்தது. அவர் நல்ல மனசோடு மூலையைத் தந்தாலும், அவருக்குப் பிறகு பின்னுரிமையாளர் கல்லைப் பெயர்க்கச் சொன்னால் வாதாட இடமில்லை. தெருவோரம் வைத்தால் அகலிக்கிறபோது முதலில் போவது அதுதான். ஏ4, ஏ5, ஏ15 நெடுஞ்சாலை ஓரங்களில் வைக்க நினைப்பவர்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் ஒதுக்குக்கோட்டை அளந்துவிட்டு யோசியுங்கள். கடலோர ஊரெண்டால் உயர்நீர் மட்டத்தில் இருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் வேண்டும். நல்ல இடம்: கோயில் அல்லது மயானக் காணியின் எல்லைக்குள், வண்ணக்கர் சபையின் (கோயில் நிர்வாகத்தின்) எழுத்து மூல ஒப்புதலுடன். பிரதேச சபைக்கு வரைபடம் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிராம சேவகரிடம் வாயால் சொன்னது அனுமதி ஆகாது.

காக்கா_காத்தான்குடி
கோயில் காணி எண்டா முஸ்லிம், கிறிஸ்தவ வீட்டுக்காரர் வருவாங்களோ எண்டும் யோசியுங்க. ஊரில கலப்பு இருந்தா மயானமும் வேண்டாம், வாசிகசாலை வளவு பொருத்தம். கல்லில ஓம், சிலுவை, பிறை ஒண்டும் வேண்டாம்; விளக்கு வைக்கிற இடம் மட்டும் போதும்.

நம்மட பக்கத்தில கல்லு வைக்காம, சுவரையே விட்டு வைச்ச முறையும் இருக்கு. 1990 ஆகஸ்ட் 3 இஷாத் தொழுகையில பள்ளிக்குள்ள சுடப்பட்டவங்க நூறுக்கு மேல. காத்தான்குடி மீராப்பள்ளிச் சுவரில சன்னம் பட்ட இடங்களை இன்னும் பாக்கலாம். அப்பிடிச் சுவர் எங்கயாச்சும் இருந்தா பூசவேண்டாம், பெயின்ற் அடிக்கவும் வேண்டாம். கண்ணாடி போட்டா சுவரோட ஒட்டிப் போடாதீங்க. ஒரு அங்குலம் தள்ளி, மேலயும் கீழயும் காத்துப் போகவிடுங்க. இல்லாட்டி உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும், அடையாளமே போயிரும்.

வயலோரம்
நன்றி காக்கா. வாசிகசாலை வளவு நல்ல யோசனை. கல்லின்ர அளவை ஆராச்சும் சொல்லுங்க. 3 அடிக்கு 4 அடிக் கருப்புக் கிரனைற் ரெண்டு எடுத்தா 84 பெயரும் கொள்ளும் எண்டு கடையில சொன்னாங்க.

கல்லெழுத்து
சரியாகக் கொள்ளும். சரியாகக் கொள்கிறதுதான் பிழை.

900க்கு 1200 மி.மீ. கல். மேல் ஓரமும் தலைப்பும் 250, கீழே 150 விட்டால் மிச்சம் 800. பெயர் எழுத்து உயரம் 20 மி.மீ.; புள்ளியும் விசிறியும் மேலும் கீழும் போவதால் வரிக்கு வரி 38 மி.மீ. வேண்டும். 21 வரி. இரண்டு நிரலில் 42 பெயர். இரண்டு கல்லில் 84. ஒரு பெயர் கூட மேலதிகம் வைக்க இடமில்லை. மூன்று கல் எடுங்கள், கல்லுக்கு 28 பெயர், மிச்சம் 14 பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கட்டும். பின்னர் வெட்டும்போது கல்லைக் கழற்றத் தேவையில்லை. றப்பர் ஸ்டென்சில் ஒட்டி, நின்ற இடத்திலேயே மணல் அடித்து வெட்டலாம்.

வரிசை அகரவரிசை வேண்டாம். புதுப் பெயர் வந்தால் இடையில் புகுத்த முடியாது, அடியில் தனியாகப் போய் நிற்கும். திகதி வரிசையில் போட்டால் ஒரே நாளில் போன குடும்பம் ஒன்றாக நிற்கும். திகதி தெரியாமல் பின்னால் வருகிறவரும் கடைசியில் நிற்பதில் குறையில்லை. பெயருக்குப் பக்கத்தில் வயது போடுங்கள். 4, 7, 61 என்று வரிசையாக நிற்கிற எண்கள் தலைப்பை விடக் கூடச் சொல்லும்.

லேசரால் கீறிய எழுத்து வேண்டாம். அது பளபளப்பை மட்டும் உரித்து வெள்ளையாக்கும், ஆழமே இல்லை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கும். மணல் அடித்து 2 மி.மீ. ஆழம் கேளுங்கள். பொன் பெயின்ற் இரண்டு மூன்று வருடத்தில் உரியும், ஆழம் இருந்தால் பெயின்ற் போன பிறகும் விரலால் தடவி வாசிக்கலாம். வெள்ளை மாபிள் பார்க்க வடிவு, ஆனால் மாரி ஈரத்தில் பாசி பிடிக்கும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் கல்லே கரையும்.

மேசன்பாஸ்
மூண்டு கல்லெண்டா சுவர் 9½ அடி நீளம், 5½ அடி உயரம், 6 அங்குலத் தடிப்புக் கொங்கிறீட். அடித்தட்டு 12 அடிக்கு 8 அடி, 6 அங்குலம். தட்டு மட்டும் 48 கன அடி. 1:1½:3 கலவைக்குச் சீமெந்து 11 பை, சேதாரத்துக்கு ஒண்டு சேர்த்து 12. மணல் 20 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி 41, அதாவது அரைக் கியூபுக்குக் கொஞ்சம் குறைய (ஒரு கியூப் 100 கன அடி).

தட்டுக்கு 10 மி.மீ. கம்பி, 6 அங்குல இடைவெளி, ரெண்டு பக்கமும். நீளப் பக்கம் 17, குறுக்கால 25. 20 அடிக் கம்பியில 11 அடி 8 அங்குலம் வெட்டினா மிச்சம் 8 அடி 4; குறுக்குக் கம்பி 7 அடி 8. ஒரே கம்பியில ரெண்டும் வரும். 17 கம்பி வெட்ட 17 குறுக்கும் கிடைக்கும், மிச்சம் 8 குறுக்குக்கு 4 கம்பி. மொத்தம் 21 கம்பி. வெட்டுறவன் குறுக்கை முதல்ல வெட்டத் தொடங்கினா 30 கேப்பான்.

வயல் நிலமெண்டா மேல் மண்ணை இறுகின மண் வரும்வரைக்கும் எடுத்து, கிறவல் போட்டு அரை அரை அடியா இடிச்சு ஏத்துங்க. தட்டின்ர மேல்மட்டம் பெருவெள்ளம் வந்த அடையாளத்துக்கு மேல இருக்கவேணும். பக்கத்து வீட்டுச் சுவரில கறை தெரியும், பாருங்க.

கச்சான்காத்து
காத்தையும் சேருங்க பாஸ். 1978 நவம்பர் 23 புயல் அடிச்ச மாவட்டம் இது. மணிக்கு 150 கி.மீ. காத்தெண்டு வைச்சாலே அந்தச் சுவரை ஏறத்தாழ 700 கிலோ தள்ளும். தட்டு 3,200 கிலோவுக்கு மேல, அது புரளாது. உடையிறது சுவரும் தட்டும் சேர்ற இடம். தட்டுப் போட்டு இறுகின பிறகு மேல சுவரை வைச்சா அந்தப் பொருத்து ஒட்டின பலகை மாதிரித்தான்.

மேசன்பாஸ்
ஓம், அதுக்குத்தான் தட்டுப் போட முன்னமே 12 மி.மீ. தொடக்கக் கம்பி அடிக்கு ஒண்டா, பத்து, தட்டுக்குள்ள வளைச்சு விட்டு, மேல 20 அங்குலம் நீட்டி நிறுத்தவேணும். சுவர்க்கம்பி ஒரே வலை, தடிப்பின்ர நடுவில. அப்பத்தான் ரெண்டு பக்கமும் 2 அங்குலம் மூடல் வரும். சுவர் வார்க்க முன்னம் தட்டின்ர அந்தக் கோட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சீமெந்துப் பால் பூசுங்க.

கல்லெழுத்து
கிரனைற் ஒட்டும் முறை: கல் ஒன்று 65 கிலோ வரை வரும், கலவையை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். நாலு மூலைக்கும் துருப்பிடிக்காத உருக்கு ஊசி, 316 தரம். சாதா இரும்பு ஆணி போட்டால் துரு ஒழுகிக் கல் முகத்தில் சிவப்புக் கோடு இறங்கும். நாலு மூலையில் நாலு உருண்டைக் கலவை வைத்து ஒட்டுவார்கள். நடுவில் வெற்றிடம் விழும், தண்ணீர் தேங்கும், உப்பு வெள்ளையாகப் பூக்கும். முழு முதுகுக்கும் பல்கரண்டியால் பசைக்கலவை இழுக்கச் சொல்லுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் 5 மி.மீ. இடைவெளி, கருங்கல் வெயிலில் விரியும். இடைவெளிக்குக் கல்லுக்கென்று விற்கும் சிலிக்கன் போடுங்கள். வினாகிரி மணம் அடிக்கும் வகை ஓரத்தைக் கறைப்படுத்தும்.

தாழங்குடா
கார்த்திகைப்பூ நடலாமா சுத்திவர?

வாவிமீன்
அதின்ர கிழங்கு நஞ்சு. ஆடு மாடு, பிள்ளைகள் வந்து போற வளவு. அதோட அந்தப் பூவும் புலிகளின்ர ஒரு சின்னம்தான், காணிக்கந்தோர் சொன்னதைப் பாருங்க. நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும் நடுங்க. ஆல், அரசு, வேம்பு 30 அடிக்குள்ள வேண்டாம். தென்னைக்குக் கீழ கல்லு வைக்கிறதும் வேண்டாம்.

காக்கா_காத்தான்குடி
விளக்கு?

வாவிமீன்
நல்ல கேள்வி. கல்லு கெட்டுப்போறதில பாதி விளக்கால. தட்டு விளிம்பில சுட்டி விளக்கு வைச்சு, சுவரோட ஒட்டிக் கற்பூரம் கொளுத்துறது. தேங்காயெண்ணெய் கல்லுக்குள்ள ஊறினா கறை போகாது, புகை எழுத்துக்குள்ள அடையும், கற்பூரச் சூட்டில மெல்லிய கல்லு ஓரம் தெறிக்கும். சுவரில இருந்து 3 அடி முன்னால, செங்கல்லால ஒரு அடி உயரத் தொட்டி கட்டி, ஆத்துமணல் நிரப்பி விடுங்க. விளக்கும் கற்பூரமும் அதுக்குள்ள. மாலை போட ஆணி அடிக்காதீங்க, சுவரின்ர மேல்விளிம்பில ரெண்டு பித்தளைக் கொளுக்கியை வார்க்கேக்கையே வைச்சு விடுங்க.

ஏடும் எழுத்தும்
பட்டியல் முடிந்ததும் வாசிகசாலைச் சுவரில் பெரிய எழுத்தில் அச்சடித்து 31 நாள் தொங்கவிடுங்கள். பக்கத்தில் பேனை ஒன்று கட்டி வையுங்கள். திருத்தம் எழுதுகிறவர் தன் பெயரையும் போட வேண்டும். கூட்டத்தில் கை உயர்த்திக் கேட்கத் தயங்குகிற தாய்மார், ஆள் இல்லாத நேரத்தில் வந்து விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

கல்லெழுத்து
அந்த அச்சை எதில் அடிக்கிறீர்கள்? கல் வெட்டும் இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துரு ஓடுகிறது. நீங்கள் யுனிகோட்டில் கொடுத்தால் அங்கே ஒருவர் திரும்பத் தட்டச்சு செய்வார் அல்லது மாற்றியில் போடுவார். பாமினியில் பலர் ர் என்ற எழுத்துக்குக் கால் போட்டுப் புள்ளி வைத்துப் பழகியவர்கள். மாற்றும்போது "ா்" என்று வரும், பார்வைக்குத் தெரியாது, வெட்டும்போது கால் மட்டும் நிற்கும். ஔகாரத்தில் வரும் ௗ, ள ஆகிவிடும். ஸ்ரீ சில எழுத்துருவில் பெட்டியாக விழும். எழுத்துக்களைக் கோட்டுருவமாக்கி, படமாகத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கொப்பியோடு இரண்டு பேர் ஒப்பிட வேண்டும்: ஒருவர் எழுத்து எழுத்தாகச் சத்தமாக வாசிக்க, மற்றவர் கொப்பியில் பார்க்க. கீழிருந்து மேலாக ஒருமுறையும் வாசியுங்கள், பழகிய கண் மேலிருந்து கீழே பிழையைத் தாண்டிப் போகும்.

வயலோரம்
மூண்டு கல்லு, மூண்டு நிரல், வாசிகசாலை வளவு. கல்லு ஓடர் குடுக்கிறதை நிப்பாட்டிட்டாங்க; பட்டியல் முதல்ல. 84இல 9 பெயருக்கு ஒரு சாட்சிதான் இருக்கு. அந்தப் 9 பேரை என்ன செய்யிறது?

ஏடும் எழுத்தும்
சுவரில் தொங்கும் பட்டியலில் போடுங்கள், பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்றாவது கல்லில் அவர்களுக்கென்று 9 வரி வெறுமையாக விடுங்கள்.